நக்கித் துடைத்த கிண்ணம் சுத்தமான கிண்ணமா?

நாயோ பூனையோ சாப்பிட்டு முடித்த கிண்ணத்தைப் பாருங்கள். ஒரு துணுக்குகூட மிச்சமிருக்காது. அடிப்பாகம் பளபளவென்று இருக்கும். "அதுவே நக்கிச் சுத்தம் செய்துவிட்டது, இனி எதற்குக் கழுவ வேண்டும்?" என்று பலர் அடுத்த வேளை உணவை அப்படியே அதில் கொட்டிவிடுகிறார்கள். கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் குழாயடியில் காட்டி ஓர் அலசு அலசுவார்கள். அக்கறை மிகுந்தவர்களோ நெடியடிக்கும் கிருமிநாசினியை ஊற்றி ஊறவைப்பார்கள். கிண்ணத்திலிருந்து நீக்க வேண்டியது எது என்பதை இந்த மூன்று தரப்பும் யோசிப்பதில்லை.

அமெரிக்காவில் நாய் வளர்க்கும் 417 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2022-ல் வெளியானது. செல்லப்பிராணி உணவையும் பாத்திரத்தையும் கையாள்வது பற்றி அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் வழிகாட்டுதல் வெளியிட்டிருப்பது அவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே தெரிந்திருந்தது. யாரும் வேண்டுமென்று அலட்சியம் செய்வதில்லை. இதைச் சொல்லித் தருவாரில்லை, அவ்வளவுதான். ஆகவே அடிப்படையிலிருந்தே ஆரம்பிப்போம்.

## அந்த வழுவழுப்பு என்ன?

காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவினால் மெல்லிய வழுவழுப்பு ஒன்று தட்டுப்படும். எத்தனை முறை வாய் கொப்பளித்தாலும் அது போகாது. பல் துலக்கினால் போய்விடும்.

இரண்டு நாள் கழுவாமல் விட்ட தண்ணீர்க் கிண்ணத்தின் உட்சுவரை, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, விரலால் தடவிப் பாருங்கள். அங்கும் அதே வழுவழுப்பு இருக்கும். பல்லில் படிவதும் கிண்ணத்தில் படிவதும் உண்மையிலேயே ஒரே வகைச் சங்கதிதான். இதற்கு உயிர்ப்படலம் என்று பெயர். நுண்ணுயிரிகள் ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தாங்களே சுரக்கும் பசைக்குள் கூட்டமாக வாழும் படலம் என்று இதற்குப் பொருள் சொல்லலாம்.

சில கிண்ணங்களில் இந்தப் படலம் இளஞ்சிவப்பாகக்கூடத் தென்படும். குளியலறை ஓரங்களில் படியும் இளஞ்சிவப்புக் கறையை உண்டாக்கும் செராஷியா மார்செசென்ஸ் என்ற பாக்டீரியா பெரும்பாலும் இதற்குக் காரணமாக இருக்கும். ஆனால் நிறம் தெரிவது விதிவிலக்கு. படலம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். கிண்ணம் சுத்தமா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்வதில் உள்ள சிக்கல் இதுதான்.

## படலம் எப்படி வளர்கிறது?

கழுவி வைத்த கிண்ணத்தில் விலங்கு வாய் வைத்த சில நிமிடங்களிலேயே எச்சிலில் உள்ள புரதமும் உணவில் உள்ள கொழுப்பும் பரப்பின் மீது மெல்லியதாகப் படிகின்றன. நுண்ணுயிரிகள் உட்காருவதற்கான இடம் தயாராகிவிட்டது. விலங்கின் வாயிலிருந்தும் உணவிலிருந்தும் நம் கையிலிருந்தும் காற்றிலிருந்தும் அவை வந்து சேர்கின்றன. முதலில் தளர்வாகவே ஒட்டியிருக்கும். இந்தக் கட்டத்தில் கழுவினால் எளிதாகப் போய்விடும்.

சில மணி நேரம் கழிந்தால் நிலைமை மாறுகிறது. ஒட்டியவை நன்றாகப் பிடித்துக்கொண்டு, சர்க்கரைச் சங்கிலிகளும் புரதமும் கலந்த பசையைச் சுரக்கத் தொடங்குகின்றன. கூட்டம் பெருகுகிறது. அதற்குக் கதகதப்பு, ஈரம், உணவு ஆகிய மூன்றும் போதும். மூன்றுமே இந்தக் கிண்ணத்தில் உண்டு. ஈ. கோலை போன்ற பாக்டீரியா எல்லாம் ஒத்துவந்தால் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியது. அந்த வேகம் தடையில்லாமல் தொடர்ந்தால் ஒன்று 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். நிஜத்தில் இரை தீர்ந்து, இடம் நெருக்கடியாகி வேகம் குறையும் என்பதால் இந்தக் கணக்கைப் பார்த்துப் பீதியடைய வேண்டாம். காலையில் கழுவாமல் விட்டதை இரவில் கழுவுவது ஏன் கடினமாகிறது என்பதைப் புரிந்துகொள்ள அது உதவும்.

படலம் முதிர்ந்த பிறகு அதிலிருந்து துணுக்குகள் பிய்ந்து, புதிதாகப் போடும் உணவிலும் நீரிலும் கலக்கின்றன. அழுக்கான தண்ணீரைக் கொட்டிவிட்டு அதே கிண்ணத்தில் புதுத் தண்ணீர் ஊற்றுவதால் பெரிதாக எதுவும் மாறாததற்கு இதுவே காரணம். தண்ணீர்தான் புதிது, சுவரில் குடியிருப்பவர்கள் பழையவர்கள்.

விலங்கு நக்குவதும் இங்கே உதவாது. அது உணவுத் துணுக்கை எடுத்துவிட்டு, பதிலுக்கு எச்சிலைப் பூசிவிட்டுப் போகிறது. "நாயின் வாய் மனிதன் வாயைவிடச் சுத்தம்" என்று ஒரு பேச்சு உலவுகிறது. இரண்டு வாயிலும் நூற்றுக்கணக்கான வகை பாக்டீரியாக்கள் உண்டு. வகைகள் பெரும்பாலும் வேறு வேறு, அவ்வளவே. இதில் யார் சுத்தம் என்று போட்டி வைக்க ஒன்றுமில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கிண்ணத்தின் உண்மையான அழுக்கு பரப்பில் ஒட்டி வளரும் படலம். அது இளசாக இருக்கும்போது எளிதாகப் போகும். முற்றினால் தேய்க்காமல் போகாது.

## சோப்பு செய்வது என்ன, கை செய்வது என்ன?

பாத்திரம் கழுவும் திரவம் கிருமிகளைக் கொன்று குவிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அதன் முதன்மையான வேலை வேறு. சோப்பு மூலக்கூறின் ஒரு முனைக்கு நீர் பிடிக்கும், மறுமுனைக்குக் கொழுப்பு பிடிக்கும். கொழுப்பு பிடிக்கும் முனைகள் எண்ணெய்ப் பசையில் குத்திக்கொள்ள, நீர் பிடிக்கும் முனைகள் வெளிப்பக்கம் நிற்கின்றன. இப்படிச் சூழப்பட்ட அழுக்கு சிறு உருண்டைகளாகப் பிரிந்து நீரில் மிதக்கத் தொடங்குகிறது. அலசும்போது அதனுடன் கிருமிகளும் சேர்ந்து வெளியேறுகின்றன.

ஆனால் சோப்பு மூலக்கூறு படலத்தின் உள்ளே போக வழி வேண்டுமே! மேலே உள்ள பசை அதைத் தடுக்கிறது. அந்தப் பசையைக் கிழித்து வழி திறப்பது உங்கள் கையும் பிரஷும்தான். பற்பசையை வாயில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் பல் சுத்தமாகுமா? அதே கதைதான் இதுவும். சோப்பு நீரில் ஊறவைத்துவிட்டு அலசி எடுப்பது அரைகுறை வேலை. ஊறவைத்தால் காய்ந்த உணவு இளகும், அந்த மட்டில் பயன் உண்டு. தேய்க்கும் வேலையை அது மிச்சப்படுத்தாது.

## வெந்நீர் பற்றிய மயக்கம்

"நன்றாகச் சுடுதண்ணீரில் கழுவினேன், கிருமியெல்லாம் செத்திருக்கும்" என்பது அடிக்கடி காதில் விழும் வாக்கியம். வெறுங்கை தாங்கும் சூடு சுமார் 45 டிகிரி செல்சியஸ். உணவுவழி பரவும் பாக்டீரியாக்களை விரைவாகக் கொல்ல 70 டிகிரி அளவுக்கு வேண்டும். கை பொறுக்கும் நீர் கிருமிகளைக் கொல்வதில்லை, கொழுப்பை இளக்கி சோப்புக்கு உதவுகிறது. அந்த உதவி பெரிதுதான். உறைந்த கொழுப்பைக் குளிர்ந்த நீரில் எவ்வளவு தேய்த்தாலும் அது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பூசப்படுமே தவிர போகாது.

மேலே சொன்ன 2022 ஆய்வில், கிண்ணத்தை 71 டிகிரிக்கு மேற்பட்ட நீரிலும் சோப்பிலும் குறைந்தது 30 வினாடி தேய்த்துக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்தும் முறை சோதிக்கப்பட்டது. பாத்திரம் கழுவும் இயந்திரமும் மாற்று வழியாக அனுமதிக்கப்பட்டது. ஒரு வாரத்தில் கிண்ணத்தில் பாக்டீரியாக்கள் கணிசமாகக் குறைந்தன. ஆனால் அந்த வெப்பம் கையைச் சுட்டுவிடும். கையால் கழுவுபவர்களுக்கு நான் சொல்வது இது: பொறுக்கும் சூட்டில் தேய்த்து அலசுங்கள். பிறகு எவர்சில்வர் கிண்ணமாக இருந்தால் கொதிநீரை ஊற்றி எடுங்கள். தேய்க்காத கிண்ணத்தில் கொதிநீர் ஊற்றுவது வெறும் கண்துடைப்பு.

ஒரு சின்னக் குறிப்பு. முட்டை, இறைச்சி, எச்சில் ஆகியவற்றில் உள்ள புரதம் எடுத்த எடுப்பில் கொதிநீர் பட்டால் வெந்து ஒட்டிக்கொள்ளும். எனவே முதல் அலசல் சாதாரண நீரில் இருக்கட்டும்.

## கழுவும் முறை

மீந்ததை வழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, சாதாரண நீரில் ஓர் அலசு. பிறகு கழுவும் திரவமும் சூடான நீரும் சேர்த்துப் பிரஷால் அரை நிமிடமாவது தேய்க்க வேண்டும். எல்லோரும் நடுப்பகுதியைத்தான் தேய்க்கிறார்கள், அங்கே எப்படியும் அவ்வளவாக ஒன்றும் இருக்காது. படலம் தங்குவது அடியும் சுவரும் சேரும் வளைவில், நீர்மட்டம் நிற்கும் கோட்டில், விளிம்பின் மடிப்பில். வேகமாக விழுங்கும் நாய்களுக்காக உள்ளே மேடுபள்ளம் வைத்துச் செய்த கிண்ணங்களில் ஒவ்வொரு பள்ளமும் ஒரு மூலைதான். அதற்குச் சிறிய பிரஷ் தேவை. பழைய பல்துலக்கி போதும்.

வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் வளையம் மாட்டிய எவர்சில்வர் கிண்ணம் உங்களிடம் இருந்தால், இன்று ஒருமுறை அந்த வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். நகத்தால் நெம்பினால் வந்துவிடும். வளையம் உட்கார்ந்திருந்த பள்ளத்தில் கருஞ்சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு கோடு சுற்றியிருக்கும். முகர்ந்து பார்க்கச் சொல்லமாட்டேன். உள்ளே பளிங்குபோல் துலங்கும் கிண்ணங்கள்கூட அடியில் இப்படி இருப்பது சகஜம். வாரம் ஒருமுறை வளையத்தைக் கழற்றித் தனியாகக் கழுவி, இரண்டும் நன்றாக உலர்ந்த பிறகு மாட்டினால் போதும். கிண்ணத்துக்கு அடியில் விரிப்பு போடுகிறவர்கள் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அலசுவதை நீங்களே சோதிக்கலாம். சோப்பு முற்றிலும் போன பிறகு ஈரக் கிண்ணத்தின் உட்பக்கத்தை விரலால் அழுத்தித் தேய்த்தால் கீச்சென்ற ஒலி வர வேண்டும். விரல் வழுக்கினால் சோப்போ படலமோ இன்னும் இருக்கிறது என்று பொருள். பீங்கானிலும் எவர்சில்வரிலும் இது நன்றாகத் தெரியும், பிளாஸ்டிக்கில் அவ்வளவாகத் தெரியாது. அலசலில் கஞ்சத்தனம் வேண்டாம். சோப்பின் மணம் மிச்சமிருந்தால் பூனை போன்ற மோப்பக்காரர்கள் அந்தக் கிண்ணத்தைத் தொடவே மாட்டார்கள்.

அடுத்தது உலர்த்துவது. இதை ஒரு வேலையாகவே யாரும் மதிப்பதில்லை. ஈரம் இல்லாவிட்டால் பாக்டீரியா பெருக முடியாது. கிண்ணத்தை மேடைமீது நேராகக் கவிழ்த்தால் உள்ளே ஈரம் அடைபட்டுவிடும். காற்று போக இடமுள்ள தாங்கியில் சாய்த்துக் கவிழ்க்க வேண்டும். துணியால் துடைப்பதென்றால் அது துவைத்துக் காய்ந்த துணியாக இருக்கட்டும். அடுப்படியில் காலையிலிருந்து ஈரமாகத் தொங்கும் துணியால் துடைத்தால், பட்ட பாடெல்லாம் வீண். உலரும்வரை காத்திருக்க நேரமில்லை என்பவர்களுக்கு ஒரே வழிதான்: இரண்டு ஜோடிக் கிண்ணங்கள் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். இந்த முழுக் கட்டுரையிலும் உடனே செய்யத்தக்கது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

சுருக்கமாக: அலசு, தேய், மீண்டும் அலசு, உலர்த்து. தேய்ப்பது படலத்தைக் கிழிக்கிறது, உலர்த்துவது அது மீண்டும் வளர்வதைத் தாமதமாக்குகிறது.

## எப்போதெல்லாம் கழுவ வேண்டும்?

ஈர உணவோ வீட்டில் சமைத்த உணவோ வைத்தால் ஒவ்வொரு வேளைக்கும் பிறகு. உலர் உணவு என்றால் நாளுக்கு ஒருமுறையாவது. உலர் உணவில் ஈரமில்லையே என்று கேட்கலாம். அதன் மேல் கொழுப்பு பூசப்பட்டிருக்கும், விலங்கின் எச்சில் பட்டதும் ஈரமும் வந்துவிடும்.

தண்ணீர்க் கிண்ணத்தை நாள்தோறும் கழுவ வேண்டும். பலரும் உணவுக் கிண்ணத்தைக் கழுவிவிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்புவதோடு நிறுத்திவிடுகிறார்கள். எந்நேரமும் ஈரமாக இருக்கும் கிண்ணத்தைத்தான் இப்படி விட்டுவிடுகிறோம். மோட்டார் வைத்து நீரைச் சுற்றவிடும் தானியங்கி நீரூற்றுகளும் இதற்கு விலக்கல்ல. நீர் ஓடிக்கொண்டிருந்தால் படலம் வளராது என்று எந்த விதியும் இல்லை, குழாய்களுக்குள்ளேயே அது வளர்கிறது. வாரம் ஒருமுறையாவது மோட்டாரையும் பிரித்துக் கழுவ வேண்டும்.

## ஸ்பாஞ்சும் சிங்க்கும்

என்.எஸ்.எஃப். இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 2011-ல் அமெரிக்காவில் 22 குடும்பங்களின் வீட்டுப் பொருள்களைச் சோதித்து, கிருமிகள் மிகுந்தவற்றை வரிசைப்படுத்தியது. செல்லப்பிராணியின் கிண்ணத்துக்கு 4-வது இடம். இரண்டாம் இடம் சமையலறை சிங்க். முதல் இடம் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சும் துணியும்! நான்காம் இடத்தில் உள்ளதை, முதலிடத்தில் உள்ளதைக் கொண்டு, இரண்டாம் இடத்தில் வைத்துக் கழுவுகிறோம்.

ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குக் கிருமி இப்படித் தாவுவதைக் குறுக்குத் தொற்று என்கிறார்கள். ஸ்பாஞ்சின் துளைகள் ஈரத்தையும் உணவுத் துகளையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதனால் கிண்ணத்துக்கென்று தனி பிரஷ் வைப்பது நல்லது. தூரிகை முடி விரைவில் உலரும். வீட்டார் சாப்பிடும் தட்டு கிடக்கும் சிங்க்கில் கிண்ணத்தைப் போடாமல், எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகக் கழுவி, சிங்க்கையும் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள். பிறகு கையை 20 வினாடி சோப்பால் கழுவுங்கள்.

இது மிகையான எச்சரிக்கை என்று நினைப்பவர்களுக்கு ஒரு நடந்த சம்பவம். அமெரிக்காவில் 2006 முதல் 2008 வரை 21 மாநிலங்களில் 79 பேருக்கு சால்மோனெல்லா என்ற குடல்நோய் பாக்டீரியாவின் ஒரே வகைத் தொற்று வந்தது. ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டு வயது அல்லது அதற்கும் குறைந்த குழந்தைகள். நாய்களுக்கான உலர் உணவிலிருந்து அது பரவியது கண்டுபிடிக்கப்பட்டது. குழந்தைகளுக்கு நோய் வந்ததற்கும், செல்லப்பிராணிக்குச் சமையலறையில் உணவு வைக்கும் பழக்கத்துக்கும் தொடர்பு இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். இந்த உணவை யாரும் குழந்தைக்கு ஊட்டியிருக்க மாட்டார்கள். கையும் பாத்திரமும் மேடையும் அதைக் கொண்டு சேர்க்கப் போதுமானவை.

## எந்தக் கிண்ணம் நல்லது?

எவர்சில்வர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். உறுதியானது, கொதிநீரைத் தாங்கும், எளிதில் கீறல் விழாது. கம்பி நாரால் மட்டும் தேய்க்காதீர்கள். நன்கு மெருகேற்றிய பீங்கானும் நல்லதே, ஆனால் மேற்பூச்சில் விரிசலோ சில்லுப் பெயர்ப்போ வந்தால் அந்த இடம் கழுவ முடியாத இடமாகிவிடும்.

பிளாஸ்டிக் எடை குறைவு, ஆனால் பல்லும் நகமும் பிரஷும் பட்டுப் பட்டுக் கீறல் விழும். பாக்டீரியாவின் அளவோடு ஒப்பிட்டால் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு கீறலும் அகலமான பள்ளம். பிரஷின் முடி அதற்குள் நுழையாது. பூனையின் தாடையில் கரும்புள்ளிகளும் பருக்களும் வந்தால், கால்நடை மருத்துவர்கள் முதலில் பிளாஸ்டிக் கிண்ணத்தை மாற்றச் சொல்வது வழக்கம். நகத்தை ஓட்டினால் தடுக்கும் அளவுக்குக் கீறல் விழுந்த பிளாஸ்டிக் கிண்ணத்தை என்ன கழுவியும் பயனில்லை.

## வினிகர், சமையல் சோடா, பிளீச்

இரண்டு சொற்களை இங்கே பிரித்துக்கொள்வோம். சுத்தம் செய்வது என்றால் அழுக்கையும் கிருமியையும் பரப்பிலிருந்து அகற்றுவது. கிருமிநீக்கம் என்றால் எஞ்சிய கிருமிகளை வெப்பத்தாலோ வேதிப்பொருளாலோ கொல்வது. முதலாவது தினமும் வேண்டும். இரண்டாவது எப்போதாவது போதும், அதுவும் முதலாவது முடிந்த பிறகுதான் பலிக்கும்.

வினிகர் உப்புத் தண்ணீரால் படியும் வெள்ளைக் கறையை நன்றாகக் கரைக்கும். சொரசொரப்பான அந்தக் கறைமேல் படலம் எளிதில் ஒட்டும் என்பதால் அதை நீக்குவது நல்ல வேலைதான். ஆனால் நம்பகமான கிருமிநாசினி என்ற பெயர் வினிகருக்கு மிகை. சமையல் சோடா மென்மையாகத் தேய்க்க உதவும் பொடி. இரண்டையும் சேர்த்தால் நுரை பொங்குவதைப் பார்த்து வியக்கிறார்கள். ஒன்றையொன்று முறித்துக்கொண்டு கிட்டத்தட்ட வெறும் உப்புநீராகிவிடும் காட்சி அது.

பிளீச் உண்மையிலேயே கொல்லும். விலங்குக்கு வயிற்றுப்போக்கு போன்ற நோய் வந்திருந்தாலோ, பச்சை இறைச்சி வைத்தாலோ, வீட்டில் கைக்குழந்தையோ முதியவரோ நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவரோ இருந்தாலோ அதை நாடலாம். 5 முதல் 6 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள, வாசனை சேர்க்காத பிளீச்சை ஒரு லிட்டர் நீருக்கு சுமார் 4 மில்லி கலந்தால், தேய்த்துக் கழுவி முடித்த கிண்ணத்துக்குப் போதும். புட்டியில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஊற்றியதும் அலசிவிடக் கூடாது, கிருமி சாக இரண்டு நிமிடமாவது அந்த நீர் பரப்பில் நிற்க வேண்டும். பிறகு நன்றாக அலசி உலர்த்துங்கள். அழுக்குக் கிண்ணத்தில் பிளீச் ஊற்றினால், அது உணவுத் துணுக்கோடு வினைபுரிந்தே தன் வீரியத்தைச் செலவழித்துவிடும். எவர்சில்வரை அதில் நெடுநேரம் ஊறவைத்தால் உலோகம் அரிக்கும்.

பிளீச்சோடு வினிகரைச் சேர்க்கவே கூடாது. நச்சான குளோரின் வாயு வெளியாகும். அம்மோனியா உள்ள துப்புரவுத் திரவத்தோடு சேர்ந்தால் வருவது குளோரமைன், அதுவும் நச்சுதான். தரை துடைக்கும் கிருமிநாசினிகளைக் கிண்ணத்தின் பக்கமே கொண்டுவர வேண்டாம். அவற்றில் சிலவற்றில் உள்ள பீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் சரியாக முறிக்க முடியாது. வேறு சிலவற்றில் உள்ள பென்சால்கோனியம் குளோரைடு கிண்ணத்தில் மிச்சமிருந்தால், நக்கும் பூனையின் நாக்கிலும் வாயிலும் புண் வரும். பூனை திடீரென்று எச்சில் ஒழுக்கிக்கொண்டு சாப்பிட மறுத்தால், அண்மையில் கிண்ணத்தை எதைக் கொண்டு கழுவினீர்கள் என்பதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.